மாதம் நூற்றைம்பது ரூபாய் கொடுத்தால்

மணிவேலுக்கு வேலை கிடைத்த செய்தியை அவன் அம்மா ஒரே சாயங்காலத்தில் வேப்பந்தட்டை ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். என்ன வேலை என்று கேட்டவர்களுக்குத்தான் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. கவர்மென்ட் வேலையா என்றால் இல்லை. கம்பெனியா என்றால் அதுவும் இல்லை. "நடக்கப்போறத முன்னாடியே சொல்ற ஆபீஸாம்" என்றாள். எதிர்வீட்டுப் பெரியவர் ஆண்டவர் சற்று யோசித்துவிட்டு, "கிளி ஜோசியம் மாதிரியா?" என்று கேட்டார். கிளி கிடையாது, கம்ப்யூட்டர் என்று மணிவேல் திருத்தினான். ஆண்டவர் மரியாதையோடு தலையாட்டினார்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷத்து ஐப்பசி அது. மணிவேல் பி.எஸ்ஸி. கணக்கு படித்தவன். முப்பது வயது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்ததை மூன்று தடவை புதுப்பித்தாயிற்று. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தவனை, மக்கள் நல முன்கணிப்பு நிலையம் என்ற அமைப்பு 'களக் கணிப்பாளர்' என்ற பதவியில் எடுத்துக்கொண்டது. நிலையத்துக்குத் தலைமையிடம் சென்னை. பெரம்பலூர்க் கிளை ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. நாலு கம்ப்யூட்டர்களுக்கும் வெல்வெட் உறை. யூரியா வாசனை மட்டும் கீழேயிருந்து ஓயாமல் ஏறி வந்துகொண்டிருந்தது.

பயிற்சி மூன்று நாள், ஒரு கல்யாண மண்டபத்தில். கிளையின் இயக்குநர் முனைவர் அமிர்தலிங்கம் குத்துவிளக்கு ஏற்றிவிட்டுப் பேசினார். குள்ளமான மனிதர், பேசும்போது மட்டும் உயரமாகத் தெரிந்தார்.

"ஏழைத் தாய்க்கு மாதாமாதம் பணம் கொடுத்தால் பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவாளா, எத்தனை நாள் அனுப்புவாள்? இதுதான் கேள்வி. கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று பாமரர்கள் சொல்வார்கள். கொடுத்துப் பார்த்து எவன் வேண்டுமானாலும் சொல்லலாம். அதற்குப் படிப்பு எதற்கு? கொடுக்காமலே சொல்ல வேண்டும். அதற்குப் பெயர்தான் விஞ்ஞானம்."

மண்டபம் கைதட்டியது. பின்வரிசையில் ஒருவன் எழுந்து, "சார், அப்புறம் பணம் எப்ப குடுப்பாங்க?" என்று கேட்டான்.

"நல்ல கேள்வி" என்றார் அமிர்தலிங்கம். "ஆனால் அது வேறு துறை."

மறுநாள் முழுக்க முகப் பயிற்சி. கேள்வி கேட்கிறவனின் முகத்தில் இரக்கம் தெரிந்தால் தாய் நாட்களைக் குறைத்துச் சொல்வாளாம். சிரிப்புத் தெரிந்தால் கூட்டிச் சொல்வாளாம். முகம் வெள்ளையடித்த சுவர் மாதிரி இருக்க வேண்டும். நாற்பது பேரும் இருவர் இருவராக எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் ஒன்றுமில்லாமல் பார்த்தார்கள். மணிவேல் அதில் முதலாவதாக வந்தான். வீட்டில் அப்பா திட்டும்போது பழகிய முகம்தான் அது என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. அவனுக்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்.

பெரம்பலூர் மாவட்டத்துத் தாய்மார்களிடம் பணம் கொடுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும். அப்போது தனி மாவட்டமாக இருந்த அரியலூர், ஒப்பீட்டு மாவட்டம். அங்கே கொடுக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும். முதல் வாரம் மணிவேலை அரியலூர்ப் பக்கம்தான் அனுப்பினார்கள். ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில், முந்திரிக்காட்டு ஓரம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சாமிதுரை என்ற விவசாயியிடம், அவர் மனைவி வீட்டில் இல்லாததால், படிவத்தில் உள்ளபடியே கேட்டான்: "தங்களுக்கு நாங்கள் மாதம் எதுவும் கொடுக்காவிட்டால், தங்கள் குழந்தையை மாதத்தில் எத்தனை நாட்கள் பள்ளிக்கு அனுப்புவீர்கள்?"

சாமிதுரை மாட்டை ஒரு பார்வை பார்த்தார். இவனை ஒரு பார்வை பார்த்தார்.

"இப்பவும் ஒண்ணும் குடுக்கலையே தம்பி. அதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லாததால் மணிவேல் 'பிற' என்பதில் ஒரு டிக் போட்டான்.

அடுத்த வாரம் அவனுக்கு ஒதுக்கியது சொந்த ஊருக்குத் தெற்கே, பஸ் போகாத ஒரு சிற்றூர். அங்கேதான் பச்சையம்மாளைப் பார்த்தான். புருஷன் கரும்பு வெட்டும் கூட்டத்தோடு எறையூர்ப் பக்கம் போயிருந்தான். அவள் பருத்தி எடுக்கப் போவாள். மூத்த பெண் அம்சவள்ளி, பன்னிரண்டு வயது, ஆறாம் வகுப்போடு நின்று அம்மாவோடு பருத்திக்காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். போகாத நாளில் கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள். பச்சையம்மாள் பக்கத்து வீட்டிலிருந்து இரும்பு நாற்காலி ஒன்றை இரவல் வாங்கி வந்து அவனை உட்காரவைத்தாள். மணிவேல் முகத்தைச் சுவராக்கிக்கொண்டு முப்பத்தேழாம் கேள்விக்கு வந்தான்.

"மாதம் ஐம்பது ரூபாய் கொடுத்தால் தங்கள் குழந்தையை மாதத்தில் எத்தனை நாட்கள் பள்ளிக்கு அனுப்புவீர்கள்?"

பச்சையம்மாள் அவன் முகத்தையே பார்த்தாள். "கோவமா இருக்கீங்களா சார்?"

"இல்லைங்க. நாளைச் சொல்லுங்க."

"அம்பது ரூவாய்க்கு எங்க சார். அவ ஒரு நாள் காட்டுக்கு வந்தா இருவத்தஞ்சு ரூவா. சரி, அஞ்சு நாளுன்னு எழுதிக்குங்க."

"எழுபத்தைந்து ரூபாய் கொடுத்தால்?"

"எட்டு நாளு."

நூறு ரூபாய்க்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. மாட்டுச் சந்தைப் பேரம் மாதிரிதான் இருந்தது. ஏற்றிவிடுகிறவன் இவனாக இருந்தான் என்பது ஒன்றுதான் வித்தியாசம். நூற்றைம்பதுக்கு வந்ததும் பச்சையம்மாள் விரல்விட்டு எண்ணினாள். கைப்பிள்ளையைத் தானே காட்டுக்குத் தூக்கிப் போய்த் தூளி கட்டிக்கொள்ளலாம் என்று முணுமுணுத்தாள்.

"நூத்தம்பது குடுத்தீங்கன்னா பதினெட்டு நாளு சார்."

"இருநூறு ரூபாய் கொடுத்தால்?"

"அதெல்லாம் வேணாம். நூத்தம்பதே போதும். ரொம்பக் கேட்டா இதுவும் வராமப் போயிரும்." பிறகு கேட்டாள்: "எப்ப சார் குடுப்பீங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். மணிவேல் சொல்லாமல்தான் இருந்திருப்பான். ஆனால் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்ற அம்சவள்ளியும் அந்தப் பதிலுக்காகவே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரவல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தெரியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஆபீஸில் நாலு கம்ப்யூட்டர் இருக்கிறது, சென்னையில் பெரிய கட்டடம் இருக்கிறதாம், இவ்வளவு கேட்கிறவர்கள் கொடுக்காமலா போவார்கள் என்று அவன் மனசிலும் ஒரு எண்ணம் இருந்தது.

"தையில வந்துரும்" என்றான்.

சொல்லிவிட்டு, வழக்கப்படி படிவத்தின் நகல் ஒன்றை அவளிடம் கொடுத்துக் கைநாட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினான்.

ஒன்பது நாள் கம்ப்யூட்டர்கள் ஓடின. மாதம் நூற்றைம்பது ரூபாய் கொடுத்தால் பெண்குழந்தைகளின் வருகை நூற்றுக்குப் பதினேழு புள்ளி நான்கு கூடும் என்று விடை வந்தது. அந்தப் புள்ளி நான்குக்காகத் தனியாக ஒரு விழா எடுத்தார்கள்.

பிறகு யாரும் எதிர்பாராதது நடந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வர ஆரம்பித்தார்கள்.

கார்த்திகை, பருத்தி எடுப்பு மும்முரமான மாதம். மற்ற வருஷங்களில் அந்த மாதம் பெண்கள் பெஞ்சு காலியாகக் கிடக்கும். இந்த வருஷம் பச்சையம்மாள் ஊர் நடுநிலைப் பள்ளியில் நின்றுபோன பத்துப் பெண்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். தலைமையாசிரியர் சாமிக்கண்ணு வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு, நல்ல செய்தி என்று நம்பி, தானாகவே உரக்கடை மாடிக்கு வந்தார். மற்ற ஊர்களிலிருந்தும் அப்படியே செய்தி. கூட்டிக் கழித்துப் பார்த்ததில் பதினேழு புள்ளி ஒன்பது வந்தது.

அமிர்தலிங்கம் முதலில் மகிழ்ந்தார். அப்புறம் முகம் சுருங்கியது.

"அரை சதவீதம் கூடுது. எந்தப் பிள்ளைங்க இது?"

"பிள்ளைங்க வந்தா நல்லதுதானே சார்" என்றார் சாமிக்கண்ணு.

"வரட்டும், யார் வேண்டாம்னா? ஆனா சொன்ன நாளுக்கு வரணும். இஷ்டத்துக்கு வந்தா அது வருகை இல்லை ஹெட்மாஸ்டர். பிழை."

மிகை வருகைப் பிள்ளைகளைக் கண்டுபிடித்துக் காரணம் எழுதி வரக் களக் கணிப்பாளர்களுக்கு உத்தரவு போயிற்று. மணிவேலின் பட்டியலில் ஒரே ஒரு பெயர். அம்சவள்ளி, த/பெ. சின்னப்பிள்ளை. கணித்தது பதினெட்டு நாள். வந்தது இருபத்திரண்டு.

அவன் போனபோது பச்சையம்மாள் காட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கைப்பிள்ளை வெயிலில் கறுத்து, அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. மறுபடியும் இரும்பு நாற்காலி வந்தது.

"பதினெட்டு நாள்னு சொன்னீங்க. இருபத்திரண்டு நாள் அனுப்பியிருக்கீங்க. அது ஏன்னு கேட்டு எழுதிட்டு வரச் சொன்னாங்க."

பச்சையம்மாள் பயந்துபோனாள். "தப்புங்களா சார்?"

"தப்பில்லை. காரணம் மட்டும்."

"இல்ல சார், பணம் குடுக்குறப்ப ஒரு நாள் ரெண்டு நாள் கொறையுதுன்னு புடிச்சிறக் கூடாதுல்ல. அதான் சேத்தே அனுப்பிட்டேன். கிட்டக்காட்டுக்காரரு ஆத்தாளும் மவளுமா வந்தாத்தான் வேலைன்னுட்டாரு. இப்ப மூணு மைலு தள்ளிப் போறேன். போனாப் போவுது, தை வரைக்கும்தான். எங்க தெருவுல ஒம்பது பேரு அனுப்பாம இருந்தாளுக. நாந்தான் வூடு வூடாப் போயி, சார் தையில வந்துரும்னு வாயால சொன்னாரு, அனுப்புங்கடின்னு சொன்னேன்."

மணிவேல் 'பிற' என்பதில் டிக் போட்டான். பேனா தாளில் சரியாகப் பதியவில்லை. இரண்டு தடவை போட வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் இயக்குநர் அறைக்குள் போய், "சார், தாய்மாருங்க பணம் எப்ப வரும்னு கேக்குறாங்க" என்றான்.

"எந்தப் பணம்?"

"நூத்தம்பது ரூபா சார்."

அமிர்தலிங்கம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை அன்போடு பார்த்தார். "நீங்க கணக்குப் படிச்சவர்தானே. எக்ஸ் இஸ் ஈக்வல் டு ஃபைவ்னு வச்சுக்குவோம்னு வாத்தியார் சொன்னா, அஞ்சைக் குடுங்கன்னு வாத்தியார்கிட்ட கேப்பீங்களா? இதுவும் வச்சுக்குவோம்தான். வச்சுக்குங்க."

மணிவேல் வெளியே வந்து மாடிப்படியில் நின்றான். கீழே போய் ஒரு டீ குடித்தான். அந்த ஊருக்குத் திரும்பிப் போய் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தான். நாளைக்குப் போகலாம் என்று நினைத்தான். நாளைக்குச் சம்பள நாள். அடுத்த நாள் அம்மாவுக்குப் புடவை எடுக்கப் போனான். அதற்கடுத்த நாள் பொங்கல் வேலை வந்துவிட்டது.

தை பத்தாம் தேதி வாக்கில் பஸ் ஸ்டாண்டில் பச்சையம்மாளே எதிரே வந்து நின்றாள். "தை பொறந்துருச்சே சார்" என்றாள். கேட்கிற குரல் இல்லை அது. நாள்கிழமையை நினைவுபடுத்துகிற குரல்தான்.

"மாசியில" என்றான் மணிவேல்.

சரி சார் என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். முதல் தடவை சொன்னதாவது தெரியாமல் சொன்னது. இது தெரிந்தே சொன்னது. பஸ் வந்தது, போயிற்று, அடுத்த பஸ்ஸும் வந்தது. மணிவேல் எதில் ஏற வேண்டும் என்பதையே மறந்து நின்றுகொண்டிருந்தான்.

மாசியும் போயிற்று. பங்குனியில் அரியலூர் மாவட்டத்தை ரத்து செய்து மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டதாக உத்தரவு வந்தது. ஒப்பீட்டு மாவட்டமே காணாமல் போய்விட்டதால் நிலையத்தில் இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் இயக்குநர் வழி கண்டுபிடித்துவிட்டார். அறிக்கை வெளியீட்டு விழாவுக்குத் தேதி குறித்தார்கள். ஒவ்வொரு ஊரிலிருந்தும் மாதிரித் தாய்மார்களை வேன் வைத்து அழைத்து வர ஏற்பாடு ஆயிற்று. பச்சையம்மாளை மேடையேற்றச் சொல்லி சென்னையிலிருந்தே குறிப்பு வந்திருந்தது. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மேடையில் பேசுவதை எளிய தமிழில் விளக்கிச் சொல்லும் பொறுப்பு மணிவேலுக்கு.

அந்த ஊர்த் தாய்மார்கள் பத்துப் பேரும் தலைக்குக் குளித்து, பெட்டியில் இருந்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆளுக்கொரு மஞ்சள் பை. பையில் ரேஷன் கார்டு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஒருத்தி பையில் அம்மைத் தடுப்பூசி அட்டைகூட இருந்தது. எதைக் கேட்பார்கள் என்று தெரியாததால் இருப்பதையெல்லாம் எடுத்து வந்திருந்தார்கள். மணிவேல் அந்தப் பைகளைப் பார்க்காமலிருக்க மேடை அலங்காரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அமிர்தலிங்கம் மைக்கைப் பிடித்தார்.

"இந்தத் தாயின் மகளுக்கு நாங்கள் கணித்தது பதினெட்டு நாள். வந்ததோ இருபத்திரண்டு. நூற்றைம்பது ரூபாய் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்குமோ, அதைவிட அதிகமாகவே, கொடுக்காமல் நடந்திருக்கிறது. இதிலிருந்து என்ன தெரிகிறது? ஏழைகளுக்குத் தேவை பணம் அல்ல, கேள்வி. நாங்கள் கேட்டோம். அவர்கள் அனுப்பினார்கள். கேள்வி ஒன்றுக்கு ஆன செலவு பதினோரு ரூபாய். சிலர் கேட்கலாம், அரியலூர்ப் பக்கத்துத் தாய்மார்கள் என்ன ஆனார்கள் என்று. இன்றைக்கு இரண்டும் ஒரே மாவட்டம். நாங்கள் பாகுபாடு பார்க்கவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். அவர்களுக்கும் ஒன்றும் கொடுக்கவில்லை, இவர்களுக்கும் ஒன்றும் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு தமிழ்நாடு முழுவதும் இந்தக் கேள்வியைக் கேட்கப்போகிறோம்."

முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. பச்சையம்மாளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடைத் தமிழ் அவளுக்குப் பாதிதான் புரிந்திருந்தது. மணிவேல் பக்கம் சாய்ந்து, "என்ன சார் சொல்றாரு?" என்று கேட்டாள்.

மணிவேல் முகம் சுவராக இருந்தது. இந்தத் தடவை அவன் அதைப் பழக்கத்தில் வைத்திருக்கவில்லை. அதைத் தவிர வேறு முகம் அவனுக்கு அகப்படவில்லை.

"பாராட்டுறாங்க" என்றான்.

பச்சையம்மாள் மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து தானும் கைதட்டினாள்.

அந்தக் கைதட்டலோடு அவனால் ஒரு ராத்திரிக்கு மேல் இருக்க முடியவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். என்ன சொல்வது என்று வழியெல்லாம் பேசிப் பார்த்தான். துறை வேறு என்று ஆரம்பிக்கலாம். சென்னையில் முடிவு மாறிவிட்டது என்று சொல்லலாம். எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் குரல் அமிர்தலிங்கத்தின் குரலாகவே கேட்டது.

வீட்டில் தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். பொன்னாடை கொடியில் தொங்கியது. அம்சவள்ளி மடியில் ஐப்பசியில் அவன் கொடுத்துவிட்டுப் போன படிவத்தின் நகல். அவள் அதை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். இவனைப் பார்த்ததும் எழுந்தாள். பச்சையம்மாள் நாற்காலி வாங்கி வரப் போகவில்லை; அவன் தரையிலேயே உட்கார்ந்தான். நடந்து முடிந்த ஏதோ ஒன்றைப் பற்றிப் பேசுகிறவள் மாதிரி நிதானமாகப் பேசினாள்.

"நேத்து அவரு 'கொடுக்காமல்' 'கொடுக்கவில்லை'னு திரும்பத் திரும்ப சொன்னாருல்ல சார். ராத்திரி அது காதுலயே நின்னுச்சு. இவளக் கூப்புட்டு அந்தக் காயிதத்தப் படிடின்னேன். எங்கயும் குடுப்போம்னு போடலங்குறா. நீயே சொல்லுடி."

அம்சவள்ளி தாளில் விரல் வைத்துக் காட்டினாள். "கொடுத்தால்-னுதாம்மா போட்டிருக்கு. அம்பது ரூபாய் கொடுத்தால், எழுவத்தஞ்சு ரூபாய் கொடுத்தால். எல்லாமே கொடுத்தால்தான்."

அவள் குற்றம் சொல்லவில்லை. ஐந்து மாதம் பள்ளிக்கூடம் போனதில் வாசிக்க வந்ததை வாசித்தாள், அவ்வளவுதான்.

"அப்ப உங்க மேல தப்பு இல்ல சார்" என்றாள் பச்சையம்மாள். "படிக்கத் தெரியாத முண்டம், நான் சரியாக் கேட்டுக்கல. ஆசையில கேட்டா அப்படித்தான் கேக்கும். ஒம்பது பேருக்கு நான் என்ன பதில் சொல்லப்போறேன்னுதான் தெரியல."

மணிவேலுக்கு முன்னால் கதவு திறந்து கிடந்தது. தாளில் உள்ளது அவனைக் காப்பாற்றிவிட்டது, அவளே காப்பாற்றிவிட்டாள். ஆமாம் அக்கா, படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்திருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் அது வந்தது. வந்ததை நினைத்துத்தான் அவன் பிற்பாடு வெகுகாலம் கூசினான்.

"நீங்க சரியாத்தான் கேட்டீங்க அக்கா" என்றான். "தையில வந்துரும்னு நான் சொன்னேன். தெரியாமலே சொன்னேன். அப்புறம் வராதுன்னு தெரிஞ்சுக்கிட்டே மாசின்னு சொன்னேன். நேத்து மேடையில கேட்டீங்களே, அப்பவும் சொல்லல."

கைப்பிள்ளை தவழ்ந்து வந்து படிவத்தைப் பிடித்து இழுத்தது. அம்சவள்ளி அதை விடுவித்து மடித்து வைத்தாள்.

"எந்திரிங்க தம்பி" என்றாள் பச்சையம்மாள். அதுவரை சார் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். "அந்த ஒம்பது வூட்டுக்கும் நான் போயிச் சொன்னேன். இப்ப நீங்க வந்து சொல்லுங்க."

அவள் முன்னால் நடக்க, அவன் பின்னால் போனான். ஒவ்வொரு வாசலிலும் அவள் ஆளைக் கூப்பிட்டு, "இவரு ஒண்ணு சொல்லணுமாம்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றாள். முதல் வீட்டில் மணிவேல் நிலையம், சென்னை, ஆய்வு என்று சுற்றி வளைத்துச் சொன்னான். நாலாவது வீட்டுக்குள் அதெல்லாம் உதிர்ந்துவிட்டது. "பணம் வராதுங்க. வரும்னு நான் சொன்னது பொய்." அவ்வளவுதான் மிஞ்சியது. திட்டுவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போனான். ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி, எங்களுக்குத் தெரியும் சார், இருந்தாலும் பாப்போம்னு அனுப்பினோம் என்றாள். ஒருத்தி குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். கடைசி வீட்டில் பொன்னுத்தாய் என்பவள் மட்டும், "அப்ப எதுக்கு சார் எங்களை எழுதிக்கிட்டுப் போனீங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதத்தோடு போனான். அமிர்தலிங்கம் வருத்தப்படுவார் என்று நினைத்தான். அவர் ஒரு கோப்பைத் திறந்து பார்த்தார். நாற்பது களப்பணியாளர்களில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் விலகுவார்கள் என்று கணித்திருந்தது. அதுவரை போனவர்கள் ஒன்பது பேர்.

"பத்தாவது ஆள் வரலையேன்னு பாத்துட்டிருந்தேன்" என்றார். "சந்தோஷமாப் போயிட்டு வாங்க."

கிளம்புமுன் மணிவேல் ஒன்று கேட்டான். "ஜூன் மாசம் அந்தப் பிள்ளைங்க வராமப் போயிட்டா என்ன சார் பண்றது?"

"ஆய்வுக் காலம் மார்ச்சோட முடிஞ்சுது மணிவேல். அதுக்கப்புறம் வராத பிள்ளை நம்ம பிள்ளை இல்லை."

பத்துப் பெண்களும் ஏப்ரலில் முழுப் பரீட்சை எழுதினார்கள். ஜூனில் பள்ளி திறந்தபோது மூன்று பேர் வந்தார்கள். அம்சவள்ளி வரவில்லை. சாமிக்கண்ணு இரண்டு தடவை வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்த்தார். அந்த வருஷமும் மழை ஏமாற்றியது. புருஷன் அனுப்புகிற பணமும் நின்றிருந்தது. பச்சையம்மாள் அவரை உட்காரவைத்து மோர் கொடுத்து அனுப்பினாள்.

மணிவேல் மறுபடி டியூஷனுக்கு வந்துவிட்டான். தெற்கே போகிற அந்த மண்பாதைப் பக்கம் சைக்கிளைத் திருப்புவதேயில்லை. அங்கிருந்து டியூஷனுக்கு வருகிற பிள்ளைகளிடம் ஊர் விசாரிப்பதும் இல்லை.

புரட்டாசியில் ஒருநாள் காலை, ஒரு பரீட்சை விண்ணப்பம் வாங்கப் பெரம்பலூருக்கு பஸ் ஏறினான். நிற்க இடமில்லை. செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் அறுப்புக்குப் போகிற பெண்கள், சோற்றுத் தூக்குப் போசியும் அரிவாளுமாக பஸ்ஸை நிறைத்திருந்தார்கள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நகர்ந்தான். நடு சீட்டில் நடைவழி ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு சிறுபெண் அவனைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றாள். தலையில் துண்டு கட்டியிருந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை.

"உக்காருங்க சார்" என்றாள் அம்சவள்ளி.

"பரவாயில்லம்மா. நீ உக்காரு."

"இல்ல சார், நீங்க உக்காருங்க."

அவன் உட்காரவில்லை. சார் நிற்கும்போது உட்காரக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அவளும் உட்காரவில்லை. அவளோடு வந்த பெண்கள், வாத்தியார் உட்காரட்டும் என்று அந்த இடத்துக்கு வரவில்லை. எசனை தாண்டியது. அவ்வளவு கூட்டத்திலும் அந்த ஒரு இடம் மட்டும் காலியாக வந்தது. டிக்கெட் போட்டுக்கொண்டே இடித்துப் பிடித்து வந்த கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, "யாராச்சும் உக்காருங்கப்பா, எடம் சும்மா கெடக்குதுல்ல" என்றார்.